ஒன்பது பேர் இல்லாத காரணத்தால்

அந்த ஆண்டு எங்கள் பள்ளியின் கோ-கோ குழு ஆறு ஆட்டங்களில் தோற்றது. ஏழாவதில் தோற்காமல் பார்த்துக்கொண்டது நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் மலர்ந்து, "பரவாயில்லையே, கடைசியில ஜெயிச்சிட்டீங்களா?" என்பார்கள். இல்லை, ஜெயிக்கவும் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் தமிழாசிரியை. மயிலாப்பூரில், மாட வீதிகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கும், அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக யாப்பிலக்கணம் நடத்தி வருகிறேன். நேர், நிரை தவிர வேறு எதையும் நான் வரிசையில் நிறுத்தியது கிடையாது. ஜூன் மாதம் எங்கள் உடற்கல்வி ஆசிரியை பேறுகால விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினோம். குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்த பிறகும் மேலிடம் யோசித்துக்கொண்டுதான் இருந்தது.

தலைமையாசிரியை யோசிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்கதான் தினமும் காத்தால பார்க்குல நடக்கறேளே. கோ-கோவை நீங்களே பாத்துண்டுடுங்கோ."

நான் பார்க்கில் நடப்பது மூன்று சுற்று. அதில் ஒரு சுற்று, காலி பெஞ்சு தேடுவதற்கு. இதை அவரிடம் விளக்க வாயெடுப்பதற்குள் விசில் என் கைக்கு வந்துவிட்டது.

விதிமுறைப் புத்தகம் ஒன்று வாங்கி அடிக்கோடிட்டுப் படித்தேன். துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது பெண் எதிரணியின் ஓட்டக்காரிகளைத் துரத்துவாள். முடியாதபோது உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி "கோ" என்பாள். தட்டுப்பட்டவள் எழுந்து ஓட வேண்டும், தட்டியவள் அவள் இடத்தில் உட்கார வேண்டும். எத்தனை பேரைத் தொடுகிறார்களோ அத்தனை புள்ளி. ஏட்டளவில் சுலபம்தான். நான் அடிக்கோடு போட்ட எதுவும் மைதானத்தில் நடக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்துவார்கள். சனிக்கிழமைக்கு ஓர் ஆட்டம், ஏழு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை நான் உற்சாகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கேப்டன் ஓட்டத்தின் நடுவே என் பக்கம் திரும்பி, "மிஸ், கம்முனு குந்துங்க மிஸ். அது அவங்க பாயின்ட்டு" என்றாள்.

இந்தக் கேப்டன் பதினொன்றாம் வகுப்பு. வகுப்பில் கடைசி பெஞ்சு. என் பாடத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. குள்ளம், ஒல்லி. ஆனால் அவள் "கோ" என்று சொன்னால் எதிர் வீட்டு நாய் எழுந்து ஓடும். வகுப்பறையில் இந்தக் குரலை இரண்டு வருடமாக எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் குரல் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது ஆட்டம் அடையாறில். எதிரணிக்கு ஒரே நிறத்தில் காலணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தனியாக ஒரு பயிற்சியாளர், அவருக்கு ஒரு உதவியாளர். எங்கள் பெண்கள் கோயிலுக்குள் போகிறவர்கள் போலச் செருப்பைக் கம்பத்தடியில் வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலில் இறங்கினார்கள். பதினெட்டுக்கு ஐந்து. மூன்றாவது ஆட்டம் அதைவிட மோசம்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நான் ஆறுதல் சொல்வேன். என் ஆறுதலுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் உண்டு. முடிவுரை வருவதற்குள் கேப்டன், "சரி மிஸ், பஸ் வந்துரும்" என்று சொல்லிவிடுவாள். பஸ்ஸில் ஏறியதும் யாரால் தோற்றோம் என்று சண்டை தொடங்கும். யாரும் அழ மாட்டார்கள். அதுவே எனக்கு வருத்தமாக இருந்தது. தோல்வியை இவர்கள் சரியாக உணரவில்லையோ என்று கவலைப்பட்டேன். அவர்கள் சார்பில் நானே உணர்ந்து கொண்டேன், வீட்டுக்குப் போய்.

மூன்றாவது ஆட்டத்துக்கும் நான்காவது ஆட்டத்துக்கும் நடுவில் ஆற்றோரம் காலி செய்யப்பட்டது. குழுவில் ஏழு பேர் வீடு அங்கேதான். நகரத்துக்கு வெளியே, சோழிங்கநல்லூரையும் தாண்டி, அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். குலுக்கல் முறை. ஒரே சந்தில், ஒரே குழாயடியில் வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு பிளாக்கில் போய் விழுந்தார்கள். இரண்டு பேருக்கு அந்தக் குடியிருப்பில்கூட இடம் இல்லை, இன்னும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வேறொன்றில்.

திங்கட்கிழமை கேப்டன் பத்தரை மணிக்கு வகுப்புக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "எல்லாம் பத்திரமா எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க மிஸ். நைனா கட்டில ஏத்திக்கினு இருந்தாரு, லாரி கிளம்பிட்டான். பாதி சாமான் அங்கயே நின்னுச்சு. ஜெர்சிங்கள மட்டும் நான் மூட்டையா கட்டி மடியில வச்சிக்கினேன்."

ஒன்பது ஜெர்சி. பள்ளி வாங்கிக் கொடுத்து நான்கு வருடமான, எண் பாதி உதிர்ந்த ஜெர்சி.

அதன்பிறகு காலைப் பயிற்சி நின்றுபோனது. ஏழேகாலுக்கு மைதானத்துக்கு வர வேண்டுமென்றால் அவர்கள் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் நான்காவது சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள், தோற்றோம். ஐந்தாவது சனிக்கிழமை ஒன்பதில் ஒருத்திக்குக் காய்ச்சல், தோற்றோம். ஆறாவதில் எட்டுப் பேர்தான். வேடிக்கை பார்க்க வந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ஜெர்சியை மாட்டி உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் முதுகில் "கோ" என்று தட்டியபோது, "என்னக்கா?" என்று திரும்பிக் கேட்டாள். அந்த ஆட்டத்தின் புள்ளிகளை நான் எழுதவில்லை, எழுதுகிற அளவுக்கு எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை.

ஏழாவது ஆட்டத்துக்கு முந்தைய வாரம் மழை. அந்த வாரம் குழுவில் நான்கு பேர்தான் பள்ளிக்கு வந்தார்கள். கேப்டன் புதன்கிழமையிலிருந்தே வரவில்லை. அவள் அம்மாவின் போனில், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கு நான் அர்த்தம் கண்டுபிடித்தேன். பொருள் கொள்வதுதானே என் தொழில். இவர்கள் களைத்துவிட்டார்கள், வெட்கத்தில் சொல்லத் தெரியாமல் ஒதுங்குகிறார்கள், பெரியவளாக நாம்தான் இதை முடித்துவைக்க வேண்டும் என்று பொருள் கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றில் எல்லோராலும் பாராட்டப்பட்டது அது ஒன்றுதான்.

"ஒன்பது பேர் இல்லாத காரணத்தால் எங்கள் பள்ளி அணி நாளைய ஆட்டத்தில் பங்கேற்க இயலாத நிலையில் உள்ளது. வாழ்விடம் பெயர்ந்து வாடும் இப்பெண்களை மேலும் ஒரு தோல்விக்கு ஆளாக்கி அவர்தம் மனத்தை நோகச் செய்தல் வேண்டாமெனக் கருதி, ஆட்டத்தை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறோம்."

தலைமையாசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படித்தான் எழுதறேளோ" என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். மாலையில் நானே தியாகராய நகருக்குப் போய், ஆட்டம் நடக்கவிருந்த பள்ளியில், லீக்கை நடத்தும் உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்த மனிதர். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு லெட்டர் பாத்ததில்ல மேடம். ஃபைல்ல வச்சிக்கிறேன்."

குழுவின் வாட்ஸப்பில் 'நாளை ஆட்டம் இல்லை. ஓய்வெடுங்கள்' என்று அனுப்பினேன். அந்தக் குழுவில் இருப்பது பெற்றோரின் எண்கள். ஒரு தகப்பனார் கும்பிடு போட்டார். மற்றவர்களிடம் ஒற்றைக் குறியோடு நின்றது. நான் திரும்பும் வழியில் மெதுவடை சாப்பிட்டேன். நல்ல காரியம் செய்தால் எனக்குப் பசிக்கும்.

சனிக்கிழமை காலை கே.கே. நகர் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தேன். எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. அந்த உடற்கல்வி ஆசிரியர்தான்.

"மேடம், உங்க பொண்ணுங்க வந்து நிக்கிறாங்க."

"எத்தனை பேர் சார்?"

"டீமே வந்திருக்கு மேடம்."

எண்ணெய்த் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாமா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "மைதானத்துக்குப்பா" என்றேன். அதற்கு மேல் அவர் என்னிடம் பேச விரும்பவில்லை.

ஒன்பது பேரும் மைதானத்தின் கேட்டுக்குப் பக்கத்தில், ஜெர்சி மாட்டிக்கொண்டு, சுவரோரம் நின்றார்கள். செருப்பு காலிலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் யாரும் ஓடி வரவில்லை.

"மிஸ், அந்த சார் நாம வர மாட்டோம்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்றாரு" என்றாள் கேப்டன். "அவரு இன்னாவோ மாத்தி சொல்றாரு. நீங்க சொல்லுங்க மிஸ்."

"மெசேஜ் போட்டிருந்தேனேம்மா."

"அம்மா போன்ல டேட்டா தீந்துபோய் நாலு நாளாச்சு."

"நீ புதன்கிழமைலேர்ந்து வரலையே. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆள் பிடிக்கப் போனேன் மிஸ். இவ வூடு ஒரு இடத்துல கீது, அவ வூடு இன்னொரு இடத்துல கீது. நம்பரும் தெரியாது. பிளாக் பிளாக்கா ஏறி எறங்கிக் கேட்டுக்கினு போனேன். இவங்கப்பா வுட மாட்டேன்னாரு, ரெண்டு நாளு அவரு கையிலயே பேசினு இருந்தேன். போன வாரம் மாதிரி ஆவக்கூடாதுல்ல."

நான் உடற்கல்வி ஆசிரியரிடம் போனேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதியது தவறு என்றும் சொன்னேன். அவர் நல்லவர்தான். சங்கடத்தோடு நெற்றியைத் தடவினார்.

"ஃபைல்ல ஏறிடுச்சு மேடம். காலையிலயே வாக்ஓவர்னு ரிசல்ட் ஷீட் அனுப்பியாச்சு. அந்த டீமுக்குப் பதினோரு மணிக்கு ஃபைனல் வேற."

கேப்டன் என் பின்னாலேயே வந்திருந்தாள். "சார், அந்த லெட்டரைப் பாக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேண்டாம் என்று சொல்ல எந்த நியாயமும் தோன்றவில்லை. அவள் அதை வாங்கி, என் பாடத்தை வாசிப்பது போலவே, எழுத்தெழுத்தாக, சத்தமாக வாசித்தாள். மற்ற எட்டுப் பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். என் வாக்கியங்களை நான் பல மேடைகளில் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அவை இவ்வளவு நீளமானவை என்று அன்றுதான் தெரிந்தது.

"வாடும்னா இன்னா மிஸ், நாங்களா?"

அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் கேட்டாள் கேப்டன்.

"மனசு நோவும்னு யாரு மிஸ் உங்க கையில சொன்னது?"



"ஒன்பது பேர் இல்லாத காரணத்தால்னு போட்டிருக்கீங்க." கடிதத்தை ஆசிரியரிடம் நீட்டினாள். "எண்ணிக்குங்க சார்."

அவர் எண்ணவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்த எதிரணியின் உடற்கல்வி ஆசிரியை எழுந்து வந்தார். இளம் பெண், கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சார், எங்க பசங்க ஃபைனல் வரைக்கும் சும்மாதான் ஒக்காந்திருக்காங்க. ஒடம்பு சூடாகணும். ஒரு இன்னிங்ஸ் ஆடட்டுமே. ரெக்கார்டுக்கு வேணாம்."

"நடுவர் இல்லையேம்மா. டீ சாப்பிடப் போயிருக்காரு."

"இவங்க பாத்துக்கட்டும்" என்று என்னைக் காட்டினார்.

தலையில் துண்டோடு, கையில் போனோடு, நான் நேரம் பார்த்தேன், புள்ளி எழுதினேன். முதலில் அவர்கள் துரத்தினார்கள். ஏழு நிமிடத்தில் எங்கள் பெண்கள் பதினான்கு பேர் பிடிபட்டார்கள். ஒன்பது பேரும் ஆளுக்கொரு தடவை அவுட்டாகி, மறுபடியும் முதலிலிருந்து வந்தார்கள். அந்த அணி நிஜமாகவே நல்ல அணி. ஏழாவது முறையாகத் தோற்கப் போகிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வாய்ப்பில்லை.

பிறகு எங்கள் முறை. எட்டுப் பேர் கோட்டில் குந்தினார்கள். வழக்கமாக நான் மரத்தடியில் இருப்பேன். அன்றைக்கு நடுவர் என்பதால் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அதனால் காதில் விழுந்தது.

"உங்க பிளாக்ல தண்ணி வருதாடி?"

"மூணு நாளா வர்ல. லாரிதான்."

"உங்கம்மா வேலைக்குப் போவுதா?"

"மந்தவெளில ஒரு வூட்ட மட்டும் வச்சிக்கினு மீதிய விட்டுடுச்சி. பஸ்ஸுக்கே…"

"கோ."

ஒருத்தி எழுந்து ஓடினாள், வேறொருத்தி மூச்சிரைக்க அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பேச்சு விட்ட இடத்திலிருந்து அவளோடு தொடர்ந்தது. இந்தப் பக்கம் பார்த்திருப்பவள் கேட்டால் அந்தப் பக்கம் பார்த்திருப்பவள் பதில் சொன்னாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேறு நடுவராக இருந்தால் விசில் அடித்திருப்பார். ஆறு ஆட்டங்களிலும் இவர்கள் உதடு அசைவதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 'கவனக்குறைவு, களத்தில் பேச்சு' என்று என் நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். வீடு மாறிய பிறகு, வாரத்தில் கோட்டில் குந்தியிருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஒன்பது பேரும் ஒரே இடத்தில் இருந்த நேரம். அதைத்தான் மனம் நோகும் என்று நான் விட்டுக்கொடுத்திருந்தேன்.

விசில் ஊதினேன். ஒரு நொடி தாமதமாக ஊதினேன் என்று நினைக்கிறேன்.

கேப்டன் முட்டியில் மண்ணோடு வந்து நின்றாள். "எவ்ளோ மிஸ்?"

தாளைக் காட்டினேன். பதினான்குக்கு ஆறு.

அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆறா?"

"ஆறுதானே. அந்த மூலையில ஒண்ணு, அப்புறம் கம்பத்துக்கிட்ட…"

"கம்பத்துக்கிட்ட கோடு தாண்டினேன் மிஸ், அது ஃபௌலு. மூலையில அவள தொடவே இல்ல. நாலு மிஸ்." என் கையிலிருந்து பேனாவை வாங்கி ஆறை அடித்தாள், நாலு என்று எழுதினாள். "கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். எதிரணி ஆசிரியையிடமும் போய் ஒரு கையெழுத்து வாங்கினாள். அவர் சிரிக்காமல் போட்டார். அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது, கம்பத்தடி ஃபௌல் யாரால் வந்தது என்று சண்டை ஆரம்பித்திருந்தது. நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்குள் ஐந்து பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கருகில் வேறு பள்ளிக்குப் போனார்கள். கேப்டனும் போனாள். தமிழில் அப்போது நாற்பத்தொன்று. அடுத்த ஆண்டு எங்களுக்குக் கோ-கோ குழு இல்லை. மைதானத்தில் வேன்கள் நிற்கின்றன.

பிப்ரவரியில் பள்ளி ஆண்டு மலருக்கு விளையாட்டுப் பகுதியை நான் எழுத வேண்டியிருந்தது. 'ஏழு ஆட்டங்கள், ஏழிலும் தோல்வி' என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை முகம் சுளித்தார்.

"இப்படியா பட்டுனு போடறது? 'ஆர்வத்துடன் பங்கேற்றனர்'னு போடுங்கோளேன். அதோட, ரெக்கார்டுல ஆறுதானே? ஒண்ணுதான் நாமளே விட்டுக்கொடுத்துட்டோமே. அவ்வளவு அழகா லெட்டர் எழுதினேளே."

"ஏழு மேடம்" என்றேன். "நான்தான் நடுவர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மலர் அச்சாகி வந்தது. அந்த ஒரு வரி, மாறுவேடப் போட்டிப் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க வேண்டியவர்களில் ஐந்து பேர் பள்ளியில் இல்லை. மீதி நான்கு பேர் படித்தார்களா என்று நான் கேட்கவில்லை. பள்ளி மலரை யார் படிக்கிறார்கள்.